சரிவில் நிறுத்திய பைக்

இந்த விஷயத்தை எழுதிக்கொள்ளலாம் என்று போன வாரம்தான் எனக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் இரண்டு பேரிடமிருந்து. 'பேரை மாத்திட்டு எழுதுங்க' என்றார் ஒருவர். 'கம்பெனி பேரு மட்டும் வேண்டாம் சார்' என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். ஐந்தாறு மாதம் ஒரு சங்கதியை எழுதாமல் அடக்கி வைப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும்!

நாங்கள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்து மூன்று வருடமாகிறது. வீட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் ஹைவே ஓரம் ஒரு டீக்கடை. எதிரே கார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையின் கேட். மதியம் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு நான் அங்கே ஆஜராகிவிடுவேன். டீக்காக இல்லை... காதுக்காக. இந்தப் பத்தியில் வாராவாரம் நீங்கள் படித்ததில் பாதி அந்த பெஞ்சில் பொறுக்கியதுதான்.

அந்தத் தொழிற்சாலையில் டிரெய்னிகளின் வண்டிகளுக்கு உள்ளே இடம் கிடையாது. எனவே டீக்கடையை ஒட்டிய புங்கமரத்தடியில்தான் அத்தனை பைக்கும் நிற்கும். நல்ல நிழல், நல்ல சமதரை.

ஒரே ஒரு பைக் மட்டும் அங்கே நிற்காது.

ஹைவேயை அகலப்படுத்துகிறோம் என்று மண்ணைக் கொட்டி உயர்த்தியதில், டீக்கடைக்கு இறங்கும் பாதை நல்ல சரிவாகிவிட்டது. அந்தச் சரிவின் நடுவில், வெயிலில், மூக்கைக் கீழே காட்டிக்கொண்டு ஒரு கறுப்பு பைக். முன்சக்கரத்துக்கு ஒரு செங்கல் முட்டு. முதல் நாள் பார்த்தேன். சரி, மரத்தடியில் இடம் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மரத்தடியில் மூன்று பைக் நிறுத்துகிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும்போது, சீட்டில் தோசை சுடுகிற வெயிலில் ஒரு மனுஷன் ஏன் வண்டியை நிறுத்த வேண்டும்?

டீ மாஸ்டரைக் கேட்டேன். "மரத்துல காக்கா எச்சம் போடுது சார், அதுக்காவ இருக்கும்" என்றார். நம்பவில்லை. காக்காய் எச்சத்துக்கு பயந்தவர் செங்கல் தேடி எடுத்து வந்து முட்டுக் கொடுப்பாரா? வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "யாரோ ஒருத்தர் வண்டியை எங்கேயோ நிறுத்தினா உங்களுக்கு என்ன?" என்றாள். நியாயமான கேள்வி.

நான்காம் நாள் சீக்கிரமே போய் சரிவைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். ஷிஃப்ட் விட்டது. நீல யூனிஃபார்மில் ஒருவர் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். செங்கலை எடுத்து ஓரமாக வைத்தார். வண்டியில் உட்கார்ந்தார். பிரேக்கை விட்டார். வண்டி தானாக உருண்டது. பாதிச் சரிவில் கிளட்சை விட்டார்... டுர்ர்ர்! ஸ்டார்ட். அப்படியே வளைந்து சர்வீஸ் ரோட்டில் போய்விட்டார்.

அட, இவ்வளவுதானா! செல்ஃப் எடுக்கவில்லை. உருட்டி ஸ்டார்ட் பண்ணுகிறார். மர்மம் விலகியது என்று டீக்குச் சொன்னேன். டீ வருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. செல்ஃப் எடுக்காவிட்டால் என்ன, அந்த வண்டியில் கிக்கர் இருக்கிறதே? ஒரு உதை விட்டால் தீர்ந்தது. அதற்கு எதற்குச் செங்கல், சரிவு, வெயில் எல்லாம்?

இந்தக் கேள்வியோடு நான் ஒரு வாரம் பொறுமையாக இருந்தேன். என் வாழ்நாளின் அதிகபட்சப் பொறுமை அதுதான்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. காலையிலிருந்தே தூறல். சரிவெல்லாம் சேறு. மதியம் அவர் வழக்கம்போல உருட்டினார். கிளட்சை விட்டார். எஞ்சின் இரண்டு தரம் விக்கியது, அடங்கிவிட்டது. வண்டி உருண்டு வந்து சரியாக டீக்கடைக்கு முன்னால், கொட்டகைக்குள் ஒண்டி நின்ற பத்துப் பன்னிரண்டு பேருக்கு நடுவில் நின்றது. எல்லோரும் அவரோடு ஒரே அசெம்பிளி லைனில் வேலை செய்கிறவர்கள். கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு வைத்தியம்.

"பேட்டரி வீக்கு மாப்ள."

"பிளக்குல தண்ணி பூந்துட்டிருக்கும்டா."

நானும் சும்மா இருக்கவில்லை. "பேட்டரியாத்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னேன். எனக்கு பைக்கைப் பற்றித் தெரிந்தது ஓட்டத் தெரியும் என்பது மட்டுமே. ஆனால் பழுதான வண்டியைச் சுற்றி நிற்கும்போது கருத்துச் சொல்லாமல் இருக்க நம் ஊரில் யாரால் முடிகிறது?

அப்போதுதான் ஏகாம்பரம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அந்த லைனின் சூப்பர்வைசர். காஞ்சிபுரத்துக்காரர். கம்பெனியில் வெளிநாட்டிலிருந்து ஆளை வரவழைத்து இவர்களுக்கெல்லாம் 'ஒய்-ஒய்' என்று ஒரு பாடம் நடத்தியிருந்தார்கள். ஏதாவது பழுது என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து தடவை கேட்டால் கோளாறின் வேர் தெரிந்துவிடுமாம். வந்த பதில்களைத் தாளில் எழுதி மேலே அனுப்பிவிட வேண்டும். மற்றவர்கள் அதைக் கம்பெனியோடு விட்டுவிட்டார்கள். ஏகாம்பரம் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொண்டு, டீ தண்ணியாக இருந்தால்கூட ஐந்து 'ஏன்' கேட்காமல் கிளாஸைக் கீழே வைக்க மாட்டார். அவரைக் கண்டாலே மாஸ்டர் ஒரு ஸ்பூன் டீத்தூள் அதிகமாகப் போடுவார்.

"இரு, இரு. யாரும் கை வெக்காதீங்க" என்றார். "ஜெபராஜு, ஹாரன் அடி."

பைக்காரர் பெயர் ஜெபராஜ் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஹாரன் அடித்தார். கொட்டகை அதிர்ந்தது.

"பேட்டரி சோக்கா கீது. அத வுடு" என்றார் ஏகாம்பரம். என் தீர்ப்பு அங்கேயே செத்தது. "இப்ப இன்னா பிரச்னைன்னு நீ சொல்லு."

"செல்ஃப் எடுக்கல சார்."

"எடுக்கலன்னா? மோட்டாரே சுத்தலியா? இல்ல, சுத்துது, ஆனா புடிக்கலியா? ரெண்டும் வேற வேறப்பா."

ஜெபராஜ் பட்டனை அமுக்கிக் காட்டினார். கிர்ர்ர்ர் என்று உள்ளே ஏதோ சுகமாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

"நல்லா சுத்துது சார். ஆனா பிடிக்க மாட்டேங்கு."

பாருங்கள்... 'செல்ஃப் எடுக்கல' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை என்றாலும் அதுதான். டிக் டிக் என்று மட்டும் கேட்டாலும் அதுதான். மோட்டார் சுற்றி எஞ்சினைப் பிடிக்காவிட்டாலும் அதேதான். மூன்றும் மூன்று வியாதி. ஆபீஸுக்கு லீவு போடும்போது 'உடம்பு சரியில்லை' என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் முடிப்போமே, அந்த மாதிரி. வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனால் பேட்டரியைத்தான் மாற்றுவோம்.

எதிர்ப்பக்கம் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தாஸ், தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். இன்னொரு தரம் அமுக்கச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஒன்வே வழுக்குது சார்" என்றார்.

"அப்படின்னா?" — நான்தான்.

"சைக்கிள் மிதிக்கிறீங்கல்ல? முன்னால மிதிச்சா சக்கரத்த புடிக்கும். பின்னால மிதிச்சா சும்மா சுத்தும். அதே மேரி ஒண்ணு இதுக்குள்ள கீது. செல்ஃப் மோட்டாரு சுத்துனா அது எஞ்சின புடிக்கணும். எஞ்சின் ஓட ஆரமிச்சா வுட்டுடணும். இப்ப புடிக்கவே மாட்டேங்குது. வழுக்கிக்கினு போவுது."

ஏகாம்பரம் நோட்டை எடுத்துவிட்டார். கூட்டமே சிரித்தது. அவர் கவலைப்படவில்லை.

"ஒய் ஒன்னு: ஸ்டார்ட் ஏன் ஆவல? ஒன்வே புடிக்கல. ரெண்டு: ஏன் புடிக்கல?"

தாஸ் ஆயில் மூடியைத் திறந்து, ஒரு துளியை விரல் நடுவில் தேய்த்தார். மோந்து பார்த்தார். "இது பைக் ஆயில் மேரியே இல்லியே. இன்னா ஊத்துன நீ?"

ஜெபராஜ் தயங்கினார். "கார் ஆயில்..."

கொட்டகை வெடித்தது. "டேய், காரு வாங்குறதுக்கு முன்னாடியே ஆயில் வாங்கிட்டான்டா!" என்று ஒருவர் கத்தினார்.

"மூணு: ஏன் கார் ஆயில்?" — ஏகாம்பரம் எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஆயுத பூசைக்கு லைன்ல எல்லாருக்கும் பொரி, சுண்டலோட ஒரு டப்பா ஆயில் குடுத்தாங்கல்லா சார்? அதுதான்."

இது எல்லோருக்கும் நினைவிருந்தது. கம்பெனிக்கு ஆயில் தருகிறவர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தது. கார் பாகம் செய்கிறவர்களுக்குக் கார் ஆயில் கொடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த லைனில் கார் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை என்பதை யோசிக்கவில்லை. மற்றவர்கள் டப்பாவைக் கொண்டுபோய் அறையில் மூலையில் வைத்துவிட்டார்கள்.

"நாலு: சும்மா கெடைச்சா ஊத்திடுவியா? ஏன் ஊத்துன?"

ஜெபராஜ் ஹேண்டில்பாரின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு எல்லாரும் வண்டியக் கழுவி, பொட்டு வச்சு, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டுப் போனாங்க சார். எங்க வீட்ல அந்த வழக்கம் கிடையாது. நாங்க கோயிலுக்குப் போற ஆளுக... சர்ச்சுக்கு. ஆனா வரிசையில என் வண்டி மட்டும் மொட்டையா நிக்கும்போது மனசுக்கு ஒருமாதிரி இருந்துச்சு. சரி, நம்மளும் அதுக்கு ஏதாவது செய்வோம்னுதான் ஆயில் மாத்துனேன். காருக்கே ஊத்துதது, பைக்குக்கு இன்னும் நல்லாத்தானே இருக்கும்னு நெனச்சேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தாஸ்தான் பேசினார். "கார்ல கிளட்ச் தனியா வெளிய கீதுப்பா. பைக்ல கிளட்ச்சு, ஒன்வே எல்லாம் எஞ்சின் ஆயில்லயே ஊறிக்கினு கீது. கார் ஆயில்ல வழவழன்னு போறதுக்கு மருந்து கலந்திருப்பான். எஞ்சினுக்கு அது நல்லதுதான். ஆனா புடிக்க வேண்டியதெல்லாம் வழுக்கும். மேட்டுல ஏத்தசொல்ல எஞ்சின் கத்தும், வண்டி போவாது... சரியா?"

"ஆமாண்ணே! ரெண்டு வாரமா அப்படித்தான்."

"அதான் இன்னிக்கி உருட்டியும் வரல. சக்கரம் சுத்துது, கிளட்ச் வழுக்குது. எஞ்சினுக்கு எப்டி போய்ச் சேரும்?"

எவ்வளவு அழகான விளக்கம்! எனக்குப் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பில்தான் தவறு செய்தேன். ஒரு வாரமாக அடைகாத்த என் கேள்வி வாயில் வந்து நின்றது. கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, உரக்க...

"எல்லாம் சரி தம்பி. செல்ஃப் போச்சு, உருட்டியும் வரல. கிக்கர்தான் இருக்கே? அதை ஏன் உதைக்க மாட்டேங்கறீங்க?"

"அதானே! உதைடா மாப்ள!" என்றது ஒரு குரல். "உதை, உதை!" என்று இன்னும் நாலைந்து பேர். கை தட்டல் வேறு.

ஜெபராஜ் நகரவில்லை. அவருடைய வலது கை தானாக வலது தொடையின் மேல் போய் உட்கார்ந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தோழர்களைப் பார்க்கவில்லை. ஏகாம்பரத்தின் பேனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ஏன். கேட்டது நான். எழுத வேண்டியது ஏகாம்பரம்.

ஏகாம்பரம் நோட்டை மூடினார். பேனாவைச் சொருகினார். "எறங்கு" என்று ஜெபராஜை இறக்கிவிட்டு, தானே வண்டியில் உட்கார்ந்து கிக்கரை விரித்தார். ஒரு உதை. இன்னொரு உதை. கிக்கர் பாதிக்கு மேல் இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கென்னவோ அவர் பாதத்தை வைத்தாரே தவிர அழுத்திய மாதிரியே தெரியவில்லை.

"கிக்கரும் டைட்டா கீது. யாரு ஒதைச்சாலும் வராது. தாஸு, உள்ள தள்ளிக்கினு போ. இன்னா வேடிக்க? பஸ்ஸு நிக்குது பாரு, போங்கப்பா எல்லாரும்!"

கூட்டம் கலைந்தது. அவரும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் போவேனா? ஷெட்டுக்குப் பின்னாலேயே போனேன். ஆயிலை வடிப்பதற்கு முன்னால் எஞ்சின் கொஞ்சம் சூடாக வேண்டுமாம். தாஸ் ரப்பர் செருப்புக் காலால் கிக்கரை ஒரே ஒரு உதை உதைத்தார். டுர்ர்ர்! அவர் பாட்டுக்கு ஸ்பேனர் எடுக்கப் போனார். நானும் ஜெபராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சார், உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். இதை வெளிய சொல்லிராதீங்க" என்றார்.

நான் எதுவுமே கேட்கவில்லை. அவரே சொன்னார். நாசரேத் பக்கம் ஊர். டிரெய்னியாகச் சேர்ந்த மூன்றாம் மாதம், தங்கியிருந்த அறையின் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் உடைந்தது. பிளேட் வைத்திருக்கிறது. கம்பெனிக்கு மஞ்சள்காமாலை என்று எழுதி லீவு வாங்கி, ஊரில் படுத்துத் தேறி வந்தார். நடக்கலாம், நாள் முழுக்க நிற்கலாம். கார் கதவுக்குள் கண்ணாடி ஏற்றி இறக்கும் பாகத்தைப் பொருத்துகிற வேலை, எல்லாம் கையால்தான். ஆனால் பாதத்தை அழுத்தி உதைக்க முடியாது. இடது காலால் உதைக்கலாம் என்றால் மொத்த உடம்பையும் அந்த வலது காலே தாங்க வேண்டும். அதற்காகவே தேடிப் பிடித்து வாங்கிய செல்ஃப் ஸ்டார்ட் வண்டி அது. செல்ஃப் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் காலையில் அறை நண்பர் உதைத்துக் கொடுக்கிறார். மதியத்துக்குச் சரிவு.

"இந்த மாசம் என்னை பெர்மனென்ட் பண்ணுத ஃபார்ம் வருது சார். லைன்ல எந்த ஸ்டேஷன்லயும், எந்த வேலை இடத்துலயும் நிக்கத் தகுதியான ஆளுன்னு அதுல ஒரு வரி இருக்கு. அதுல கையெழுத்துப் போட வேண்டியது ஏகாம்பரம் சார்தான். கால் இப்படின்னு தெரிஞ்சா... கேட்டுக்கு வெளிய என்னை மாதிரி எத்தனையோ பேர் நிக்காங்க சார்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எந்த மனுஷருக்குத் தெரியக்கூடாது என்று இவர் வெயிலில் வண்டியை நிறுத்தினாரோ, அதே மனுஷருக்கு முன்னால், பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன்! எதற்காக? எனக்கு ஆர்வமாக இருந்தது என்பதற்காக. அவமானமாக இருந்தது. "மன்னிச்சுக்குங்க தம்பி" என்றேன். "இருக்கட்டும் சார், உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். அது இன்னும் குத்தியது.

தாஸ் ஆயிலை வடித்தார். பைக் ஆயிலை ஊற்றி கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி புதிதாக ஊற்றினார். "இதுலயும் சரியாவலன்னா பிரிச்சுத்தான் பாக்கணும். அமுக்கு" என்றார். கிர்ர்ர்... பிடிக்கவில்லை. இன்னொரு தரம். இல்லை. மூன்றாம் தரம், கிர்ர்... டக்! எஞ்சின் சிணுங்கி எழுந்தது. ஜெபராஜ் நிறுத்திவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடியும் பிடித்தது. நாலைந்து தரம் அப்படிச் செய்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வண்டி சரியாகிவிட்டது. ஃபார்ம்?

அந்த மாதம் முழுக்க நான் டீக்கடைப் பக்கமே போகவில்லை. போனால் ஏகாம்பரம் இருப்பார். 'அன்னிக்கி நீங்க கேட்டீங்களே சார்' என்று ஆரம்பித்தால் என்ன சொல்வது? ராத்திரி படுத்தால் புரண்டுகொண்டே இருந்தேன். "கேட்டது உங்க வாய். தூக்கம் கெடறது எனக்கு" என்றாள் மனைவி.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வாசலில் பைக் சத்தம். ஜெபராஜ். கையில் கேக். "கன்ஃபர்ம் ஆயிட்டு சார்!" அந்த ஒரு வரிக்கு எதிரிலும் கையெழுத்து விழுந்திருந்ததாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேக்கை வாங்கிக்கொண்டு ஏதேதோ உளறினேன்.

ஆனாலும் எனக்கு ஒரு குடைச்சல் பாக்கி இருந்தது. கேட்க ஆள் அகப்படவில்லை. ஏகாம்பரம் ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். போன வாரம் ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்தவர் டீக்கடையில் மாட்டினார். ஏகாம்பரத்தைப் பார்த்தால் கேட்பேன் என்று ஜெபராஜிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்ததால் தைரியமாகவே கேட்டேன்.

"அன்னைக்கு கிக்கர் டைட்டுன்னு சொன்னீங்க. தாஸ் ஒரே உதையில எடுத்தார்."

"தெரியும் சார்" என்று சிரித்தார்.

"அப்ப அவர் கால்?"

"அதுவும் தெரியும். ஆறு மாசமா சேஃப்டி ஷூ கடிக்குதுன்னு சொல்லிக்கினு நடந்தான். எந்த ஷூ சார் ஆறு மாசம் கடிக்கும்?"

"எல்லாத்துக்கும் ஏன் கேக்கற ஆள் நீங்க. அதை மட்டும் ஏன் கேக்கல?"

ஏகாம்பரம் டீயை ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார்.

"அவன் ஸ்டேஷன்லருந்து ஒரு கதவு கூட பழுதுன்னு திரும்பி வந்ததில்ல சார். கேட்டா பதில் வரும். பதில் வந்தா நான் எழுதணும்."

கேட்காமல் இருப்பதற்கும் அந்தக் கம்பெனியில் ஒரு பாடம் நடத்தினால் சொல்லுங்கள்... முதல் பெஞ்சில் உட்கார நான் தயார்!